சுவிட்சுப் பக்கத்து நாற்காலி

எனக்கு எண்பத்து நான்கு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாமவன் என் நாத்தனார் மகன். தாயில்லாமல் வந்தான், என் கையால் சாப்பிட்டு வளர்ந்தான், இன்று துபாயில் இருக்கிறான். ஐந்து பேரும் நன்றாக நிமிர்ந்து நிற்கிறார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. அதை மறைத்துப் பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது.

மூன்றாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. பேப்பரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுதுவது அதைவிட மெதுவு. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. போகட்டும், எனக்கு என்ன அவசரம்? என் கடைசி மகளோடு கம்ப்யூட்டர் வேலைக்காக ஊர் ஊராகப் போனேன் என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "நீயா ஆச்சி?" என்கிறார்கள். நான்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருநெல்வேலி டவுனில். பூர்வீகம் சேரன்மகாதேவிப் பக்கம். ஆற்றுப் பாசனத்தில் வயல் இருந்தது, என் மாமனார் காலத்திலேயே கைமாறிவிட்டது. என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தை மாதம் குறுக்குத்துறையில் குளித்துவிட்டு வந்து, திருநீறு பூசி உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அவர் போய் வருஷம் திரும்புவதற்குள் நடந்ததுதான் இது.

கடைசி மகள் அப்போது கல்லூரி முடித்து, பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் படிப்பும் முடித்து, ஜங்ஷனில் ஒரு பார்சல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மூட்டைகளையும் பெட்டிகளையும் லாரியில் ஊருக்கு ஊர் அனுப்புகிற கம்பெனி. அம்பாசமுத்திரம், தென்காசி, ராதாபுரம், உடன்குடி என்று கிளைகள் இருந்தன. பில் போடுவதற்காகக் கிளைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தார் முதலாளி. மகளுக்கு வேலை தற்காலிகம்தான். கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்வாள், கவுண்டரில் ஆள் இல்லாவிட்டால் பில்லும் போடுவாள்.

அந்த வருஷம் தென்காசிக் கிளையில் யாரோ ஒரு விளையாட்டு டிஸ்கைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அதிலிருந்த வைரஸ் முதலில் அந்தக் கிளையின் பதிவுகளைத் தின்றது. வாராவாரம் கிளைகளிலிருந்து பதிவுகளை டிஸ்கில் ஏற்றி ஜங்ஷனுக்கு அனுப்புவார்கள். அதில் ஏறி அதுவும் ஜங்ஷனுக்கு வந்து இறங்கியது. எவருடைய மூட்டை எந்த லாரியில் போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆபீஸ் வாசலில் வியாபாரிகள் நின்று கத்தினார்கள். மகள் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னட்டி ஆச்சு?" என்று கேட்டேன்.

"எம்மா, கம்ப்யூட்டர நடத்துத அடிப்படை புரோகிராம் ஒண்ணு இருக்கு. அதுல அங்கங்க ஓட்டை இருக்கு. அது வழியாத்தான் கண்டதும் உள்ள வருது. செஞ்ச கம்பெனிக்காரனே இப்ப ஓட்டைய அடைக்கதுக்கு டிஸ்க் விட்டிருக்கான். ஒவ்வொரு கிளைக்கும் போயிப் போடணும். ஒண்ண விட்டுட்டாலும் அது வழியா மறுபடி எல்லாத்துக்கும் வந்திரும்."

"ஓட்டை இருக்கது தெரிஞ்சேவா வித்தான்?"

"விக்கும்போது தெரியாதுல்லா."

"நல்ல கொத்தனாரு போ."

சிரித்துவிட்டாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முதலாளி மதுரையிலிருந்து ஆள் வரவழைக்க இருந்தார். மகள் அவர் முன்னால் போய் நின்று, நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவர் சொன்னதை அப்படியே வந்து என்னிடம் சொன்னாள். "தீவாளிச் சரக்கு ஏறுததுக்கு முன்ன எல்லாக் கிளையும் முடியணும் தாயி. முடிச்சிட்டேன்னா கம்ப்யூட்டர் பிரிவு ஒம் பொறுப்பு, வேலையும் நிரந்தரம். முடியலேன்னா மதுரக்காரன் வந்திருவான், நீ கவுண்டர்ல பில்லு போட வேண்டியதுதான்."

பம்பாயில் இருக்கும் மூத்த மகனுக்கு இது தெரிந்து போனில் கூப்பிட்டான். தங்கச்சியிடம் என்ன சொன்னானோ, அவள் ரிசீவரை என் கையில் கொடுத்தாள்.

"பொம்பளப் பிள்ள ஊர் ஊரா ஒத்தையில போகுததா? வேலைய விடச் சொல்லும்மா."

"ஒத்தையில போகல. நான் கூடப் போறேன்."

"நீ எப்படிப் போவ? அப்பா போயி வருஷம் திரும்பலல்லா?"

எங்கள் குடும்பங்களில் தாலி இறங்கிய பெண் வருஷம் திரும்பும் வரை படி இறங்கமாட்டாள். எனக்குத் தெரியாததா? என் மாமியார் அப்படி இருந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் அந்தப் பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலை எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒங்கப்பா என்ன வீட்டுல உக்காரச் சொல்லிட்டுப் போகல" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

முதல் ஊர் அம்பாசமுத்திரம். கிளம்பும்போது எதிர்வீட்டு மதினி வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றாள்.

"வருஷம் திரும்புததுக்குள்ள எங்கன கெளம்பிட்டிய மதினி?"

"அம்பாசமுத்திரம்."

"அங்கன ஆரு இருக்கா?"

"ஒரு கம்ப்யூட்டரு இருக்கு."

மதினி டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் கையை வைத்தாள். நான் நடந்துவிட்டேன்.

அந்த வேலையை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். முதலில் அந்தக் கிளையின் பதிவுகளையெல்லாம் வேறு டிஸ்கில் எடுத்து வைத்துக்கொள்வாள். பிறகு புது டிஸ்குகளை ஒவ்வொன்றாகப் போடுவாள். கறகறவென்று ஒரு சத்தம் வரும். திரையில் நீலமாக ஒரு கோடு பைய நகரும். அது முழுக்க நகர்ந்து முடியும் வரை கம்ப்யூட்டர் அணையக்கூடாது. ஓடு மாற்றுகிறவன் பாதியில் இறங்கிப் போன வீடு மாதிரி ஆகிவிடுமாம், பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது.

கரண்டு போனால் தாங்குவதற்கு ஒரு பேட்டரிப் பெட்டி உண்டு. வம்பே அதில்தான் இருந்தது. கரண்டு இல்லாத நேரத்தில் அங்கே மட்டும் கரண்டு இருக்கிறது என்பது கிளையில் எல்லாருக்கும் தெரியும். அம்பாசமுத்திரத்தில் வேலை பாதியில் இருக்கும்போது ஒருவர் வந்து மேசை விசிறியைச் சொருகுவதற்காகக் கம்ப்யூட்டர் வயரில் கையை வைத்துவிட்டார். மகள் போட்ட சத்தத்தில் அவர் கையை எடுத்துக்கொண்டார். உடனே என் நாற்காலியை இழுத்து அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டாள்.

"எம்மா, நீ இங்கன இரு. நான் சொல்லுத வரைக்கும் இதுல யாரையும் கைவைக்க விடாத."

அன்றிலிருந்து அது என் நாற்காலி. தென்காசியில் ஒரு லோடுமேன் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஆச்சி, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க. ஸ்கோர் கேக்கணும்."

"எதுத்த டீக்கடையில போயிக் கேளு."

"அங்கனயும் கரண்டு இல்ல ஆச்சி. கடைசி ஓவரு."

"எம் மகளுக்கும் கடைசி ஓவருதாம்லே. போ அங்கிட்டு."

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, ஆனால் அவள் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். எத்தனை வீட்டு விசேஷங்களுக்குப் போயிருக்கிறேன், எனக்கென்று ஒரு வேலை கொடுத்து உட்கார வைத்த இடம் அந்த நாற்காலிதான்.

அடுத்தது ராதாபுரம். அந்தக் கிளையைப் பார்த்துக்கொண்டவர் முதலாளியின் அக்கா வீட்டுக்காரர். வயதானவர், நல்ல மாதிரி. நாங்கள் போய்ச் சேரும்போது கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தட்டில் சூடத்தோடு நின்றார். வாசலைத் தாண்டி உள்ளே வந்த என்னைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"தாயி, தப்பா நெனைக்கக் கூடாது" என்று என் மகளிடம் சொன்னார். "ஆரம்பிக்க நேரத்துல அம்மா கொஞ்சம் வெளிய இருக்கட்டும்."

"எங்கம்மா இங்கனதான் இருக்கணும் மாமா. அவ இருந்தாத்தான் எனக்கு வேல ஓடும்."

"நாஞ் சொல்லுதது ஒன் நல்லதுக்குத்தாம்மா."

நான் பையை எடுத்துக்கொண்டேன். "நீ வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த மனிதர்மேல் எனக்கு அன்றைக்கும் கோபமில்லை. என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில், கல்யாண வீட்டில் எதிரே வரவேண்டாம் என்று தாலி இறங்கிய எத்தனை பேருக்கு நானே ஜாடை காட்டியிருக்கிறேன்? ஊரெல்லாம் செய்தது. அது என்மேல் வந்து விழுந்தபோது கனம் தெரிந்தது.

சரக்கு இறக்கும் தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்துக் காற்று தெரியுமே, தேரிக்காட்டுச் செம்மணலை அள்ளி முகத்தில் போடும். தூரத்தில் வெறும் பனைகள். எங்கள் ஆற்றங்கரைக் கண்ணுக்கு அது வேறு தேசம்.

உள்ளே மகள் வேலையைத் தொடங்கினாள். கோடு பாதி தூரம் நகர்ந்ததும், நான் வெயிலில் இருக்கிறேனே என்று தண்ணீரையும் புளியோதரைத் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "நீ உள்ள போ" என்றேன். "ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில்தான் நடந்தது.

பெரியவருக்கு மனசு கேட்கவில்லை. சூடம் காட்டுவதற்கு முன்னால் நான் வாசல் தாண்டிவிட்டேன், ஆரம்பம் கெட்டுப்போயிற்று என்று அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. காலண்டரைப் பார்த்திருக்கிறார். நல்ல நேரம் பிறந்திருந்தது. பேட்டரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சூடத்தைக் கொளுத்திவிட்டார்.

மகள் உள்ளே போகும்போது திரை கறுப்பாக இருந்தது. அவள் குரல் கொட்டகை வரைக்கும் கேட்டது.

"மாமா, என்ன செஞ்சிய?"

"ஆரம்பம் சரியில்லாமப் போச்சுல்லா தாயி, அதான் அணைச்சிட்டேன். இனி நல்ல நேரம். மொதல்லருந்து போடு, ஜம்முனு வரும்."

கல்யாணத்தில் சகுனம் சரியில்லை என்றால் திரும்ப வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுவோம். அவருக்குக் கம்ப்யூட்டரும் அப்படித்தான். மகள் சுவிட்சைப் போட்டாள். திரையில் வெள்ளை எழுத்து இரண்டு வரி வந்து நின்றது, அதற்குமேல் அசையவில்லை. மறுபடி போட்டாள். அதே இரண்டு வரி.

பதிவுகளை முதலிலேயே எடுத்து வைத்திருந்தாள், அந்த மட்டும் தப்பியது. ஆனால் அடியிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டும், அதற்கானது எல்லாம் ஜங்ஷனில் இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியை ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினோம். குழந்தையை வைத்திருப்பதுபோல் அவள் அதை மடியில் வைத்திருந்தாள். வள்ளியூர் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நீ உள்ள இருந்திருந்தா இது நடந்திருக்காதும்மா."

மறுநாள் ஆபீசுக்கு நானும் போனேன். அதற்குள் ராதாபுரத்துக்காரர் போன் செய்திருந்தார். முதலாளி என்னை உட்காரச் சொல்லி, காப்பி வாங்கிவரச் சொன்னார். மரியாதைக்குக் குறைவில்லை.

"அம்மா, மனசுல வச்சிக்கிடாதிய. இனிமே கிளைக்கு நீங்க போகாண்டாம். வேல நடக்க எடம், ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவான்."

மகள் சொன்னாள்: "அணைச்சது அவுக, அண்ணாச்சி. எங்கம்மா இல்ல."

"எனக்குத் தெரியாதா தாயி? அத்தாங்கிட்டப் போயி அத நான் சொல்ல முடியுமா?" அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "உடன்குடி பாக்கி. ராதாபுரம் பாக்கி. தீவாளி வந்துக்கிட்டிருக்கு. ஒத்தையில போவியா, இல்ல மதுரைக்குச் சொல்லட்டுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் போகவேண்டாம் என்று சொன்னால் போகமாட்டாள், அப்படி வளர்ந்த பிள்ளை. பம்பாய்க்காரன் சொன்னது என் காதில் இருந்தது. மாமியார் இருந்த மாதிரி நான் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே என்னிடம் வந்திருக்காது.

"போவா" என்றேன். காப்பியைக் குடிக்காமலே எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரே யோசனை. பஸ்ஸில் போய் வந்துவிடுவாள், தைரியசாலி. அந்தப் பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? இவள் தண்ணீர் குடிக்கத் திரும்பினால் போதும், ஒரு கை வந்துவிடும். யோசித்துக்கொண்டே சாமி அலமாரியைத் துடைத்தேன். அங்கே ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. ஏதோ ஒரு காய்ச்சலுக்குத் திருச்செந்தூருக்கு நேர்ந்து காசு முடிந்து வைத்தது. வெள்ளையடிக்கும்போதுகூட அதை யாரும் நகர்த்தியதில்லை. சொல்லி வைக்காமலே எல்லாருக்கும் தெரியும், அதில் கைவைக்கக் கூடாது என்று.

அவருடைய வேட்டி ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். அதை எடுத்து இரண்டு துண்டாகக் கிழித்தேன்.

குழம்புக்கு மஞ்சள்பொடி போடுவது வேறு, கல்லில் மஞ்சள் கிழங்கை உரைப்பது வேறு. அவர் போன பிறகு அந்தக் கல்லை நான் தொட்டதில்லை. கழுவி வைத்து உரைக்க ஆரம்பித்தேன். அந்த வாசனை வந்தது. கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு மறுபடி உரைத்தேன். வேட்டித் துணி தண்ணீரில் மஞ்சளைக் குடித்தது. வெறும் துணியைக் கட்டி ஊரை ஏமாற்ற எனக்கு மனசில்லை. காய்ந்ததும் ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு காசை வைத்து, என் பிள்ளை எடுத்த வேலை முடியவேண்டும் என்று முருகனுக்கு நேர்ந்து, உண்மையாகவே முடிந்தேன்.

மகளுக்குச் சோறு போடும்போது என் கையைப் பார்த்தாள். விரலெல்லாம் மஞ்சள்.

"எம்மா..."

"சாப்பிடு."

சாப்பிட்டாள். துணி எதற்கு என்று நான் சொன்னதும் மடித்து டிஸ்க் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் உடன்குடிக்குப் போன அன்று குலசேகரன்பட்டினம் தசராக் கூட்டம். பஸ் முழுக்க வேஷம் கட்டியவர்களாம். கரடி, குறவன், ராஜா, காளி. அன்று பகல் முழுக்க எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. அவள் போகும் வழியெல்லாம் என் மனசும் போய்க்கொண்டிருந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒரு ஓலைப்பெட்டிக் கருப்பட்டியோடு வந்து நின்றாள்.

"எடம் கெடச்சுதா?" என்று கேட்டேன். வேறென்ன கேட்க?

"காளி எந்திரிச்சு எடம் குடுத்தாரும்மா. 'மடியில என்ன தாயி'ன்னாரு. கம்ப்யூட்டர் டிஸ்க்குன்னேன். 'எங்கையில சூலம் இருக்கு, அதுல இடிச்சிராம வச்சிக்கோ'ன்னு அந்தப் பக்கமாத் திரும்பி நின்னுக்கிட்டாரு."

உடன்குடி நல்லபடியாக முடிந்திருந்தது. பேட்டரிப் பெட்டியின்மேல் மஞ்சள் துணியைச் சுற்றி முடிந்ததும் ஒருவரும் அந்தப் பக்கமே வரவில்லையாம். எதிரே வந்தவர்கள்கூடச் சுற்றிக்கொண்டு போனார்களாம்.

பிறகு சரிசெய்த கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ராதாபுரம் போனாள். அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். அவள் துணியைக் கட்டும்போது பெரியவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"ஆரு முடிஞ்சது தாயி?"

"எங்கம்மா."

அவர் காலண்டர் பக்கம் போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். கோடு நகர்ந்து முடியும் வரை எழுந்திருக்கவில்லை. ஒரு லோடுமேன் எட்டிப் பார்த்தானாம். "லே, அங்கிட்டுப் போ. நேர்ச்சத் துணி கட்டியிருக்கது கண்ணு தெரியல?" என்று விரட்டினாராம்.

மகள் சிரித்துக்கொண்டு சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் அது என் நாற்காலி.

தீபாவளிச் சரக்கு ஏறுவதற்கு முன்னால் வேலை முடிந்தது. மதுரைக்காரர் வரவில்லை. கம்ப்யூட்டர் பிரிவு இவள் பொறுப்புக்கு வந்தது, வேலையும் நிரந்தரமானது. வருஷத் திவசம் முடிந்ததும் நான் திருச்செந்தூர் போய் முடிச்சுகளை அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டேன். மூத்தவன் கூடவே வந்தான். அது எதற்கு நேர்ந்த காசு என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மகள் எங்கே போனாலும் தனியாகத்தான் போனாள். மதுரை, சென்னை, பெங்களூர். நான் கூப்பிடும் தூரத்தில் அவள் இருந்ததில்லை. அப்படி இருக்கவேண்டும் என்றுதானே "போவா" என்று சொன்னேன்.

இன்று அவள் மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். மடியில் வைக்கிற கம்ப்யூட்டரை என் கட்டிலுக்குப் பக்கத்தில் சொருகி வைத்துவிட்டு, "ஆச்சி, அப்டேட் ஆகுது. முடியுத வரைக்கும் அணைச்சிராத, என்ன?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். எந்த ஊருக்கும் போகவேண்டாமாம், அதுவாகவே வந்து ஓட்டையை அடைத்துக்கொள்கிறதாம். நாற்காலியை இழுத்து சுவிட்சுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துதான் இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன்.

இதோ, தலையைத் துவட்டிக்கொண்டு வருகிறாள். "இங்கன ஏன் உக்காந்திருக்க ஆச்சி?" என்கிறாள்.

ஏட்டி, அது இன்னும் முடியல. நான் எந்திரிக்க மாட்டேன். நீ அந்தக் கட்டில்ல உக்காந்து இத மொதல்லருந்து பைய வாசி, நான் கேக்கேன்.